பழைய பிக்கப்பின் மரத் தளத்தை மாற்றுவது எப்படி?

காசிமேட்டில் நிற்கும் உங்கள் 1950களின் செவர்லே பிக்கப்பில் பின்தளப் பலகை உளுத்துவிட்டது, மேலே தகடு அடித்து மூடிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தகட்டுக்கு அடியில் ஈரம் தங்கி, கீழே உள்ள குறுக்குச் சட்டங்களையும் அரித்துவிடும்.

பழைய பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். துளைகளுக்கு அதுதான் அளவு. துருவேறிய போல்ட்டை கிரைண்டரில்தான் அறுக்க வேண்டிவரும். பெட்ரோல் டேங்க், குழாய் பக்கம் பொறி பறக்காமல் பாருங்கள்.

அமெரிக்காவில் பைன், ஓக் போட்டார்கள். இங்கே தேக்கு போதும், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பலகைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடிக்கத் துடிக்கும் ஆசாரியைத் தடுப்பதுதான் பெரிய வேலை! ஐப்பசி மழையில் மரம் அகலவாட்டில் ஊதும். நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், மேலே வரும் இரும்புப் பட்டை அதை மறைத்துவிடும்.

பூட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். அறுத்த முனைகளுக்கு இரண்டு கோட் கூடுதல். மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். துளைக்குள்ளும் தடவுங்கள்.

அப்புறம், போல்ட் ஸ்டெயின்லெஸ்தான். ராயபுரத்தில் என் வண்டிக்குச் சாதா போல்ட் போட்டேன். உப்புக்காற்றில் இரண்டே மழைக்காலம், நட் அசைய மறுத்துவிட்டது.