மைலோ டின்னில் ஒரு சீட்டு

வணக்கம் ஐயா,

போன வாரம் நீங்கள் எழுதிய கதையில், சங்கிலியைத் திருடத்தான் அந்தப் பையன் எட்டு மாதம் பாட்டி பாட்டி என்று கிழவியிடம் ஒட்டிக்கொள்கிறான். அப்படிப்பட்டவன் அவளுக்குக் காய்ச்சல் வந்த இரவு முழுக்கக் கண் விழித்தான் என்பதை நம்ப முடியவில்லை. திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

வாசகி, சுங்கை சிப்புட்

வணக்கம்.

வக்காலத்தெல்லாம் இல்லைங்க. என் அத்தை வீட்டில் நடந்ததைத்தான் மாற்றி எழுதினேன், அதுவும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். அத்தை முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்து தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகள் ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். லயத்தில் பகலில் கதவைச் சாத்தினால் ‘என்ன, உடம்புக்கு முடியலையா’ என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வாசல் இரும்புக் கிரில்லைத் திறந்தே போட்டிருப்பார்.

காய்ச்சல் இரவு நான் சேர்த்தது. நடந்தது இன்னும் சின்ன விஷயம். அத்தைக்குக் கண்ணில் புரை. மாத்திரை அட்டைகளில் காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு இரண்டு புள்ளி என்று மார்க்கர் பேனாவால் பெரிது பெரிதாக வைத்துக் கொடுத்தது அந்தப் பையன்தான்.

அரிசிப் பானைக்குப் பின்னால் மைலோ டின்னில் சங்கிலி இருப்பதை இரண்டாவது மாதமே பார்த்துவிட்டான். எடுத்தது எட்டாவது மாதம். சந்தர்ப்பம் பார்த்தான் என்பீர்கள். சரி, வெள்ளிக்கிழமைதோறும் அத்தை கோயிலுக்குப் போக, மூன்று மணி நேரம் வீடு காலியாகத்தானே கிடந்தது? அந்த ஆறு மாதத்தைத்தான் எழுதப் பார்த்தேன். மற்றபடி அவன் செய்தது அயோக்கியத்தனம், பூட்டை உடைத்துத் திருடுகிறவனைவிட மோசம் என்றே சொல்வேன். அத்தை இப்போது தபால்காரரிடம்கூட கிரில் வழியாகத்தான் பேசுகிறார்.

கதையில் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். சங்கிலியை விற்காமல் அடகு வைத்து, சீட்டை அதே டின்னில் போட்டுவிட்டுப் போயிருந்தான். திமிரா, இரக்கமா, எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் திருட்டு என்றால் தண்டனைச் சட்டத்தின் 380-ஆவது பிரிவில் பத்து வருடம் வரை கிடைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து, அத்தை போலீஸ் பேச்சையே எடுக்க விடவில்லை. மாதம் 2 சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை, பணம் நான் தருகிறேன், மீட்டுவிடலாம் என்றேன். ‘வெச்சவனே எடுத்துட்டு வரட்டும்’ என்றார்.

தவணை முடிந்துவிட்டது. சீட்டு இன்னும் அந்த டின்னில்தான் இருக்கிறது.