வக்கீலிடம் கேளுங்கள்: காயம் நெஞ்சிலா, முதுகிலா?

கேள்வி: என் மகனும் மருமகளும் ஃப்ளோரிடாவில் இருக்கிறார்கள். தாக்க வருகிறவனிடமிருந்து ஒதுங்கிப்போக வழி இருந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே சுடலாம் என்று அங்கே சட்டமாம். அதை ரத்து செய்யணும் என்கிறான் மகன். தப்பு செய்யாதவள் நான் எதற்கு ஓடணும் என்கிறாள் மருமகள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டாலே இந்தச் சண்டைதான். நம் ஊரில் எப்படி சார்? (கேத்தியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மருமகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: நம்ம சட்டமும் யாரையும் ஓடச் சொல்லவில்லை. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்னால் அதுவே இ.பி.கோ. 96 முதல் 106 வரை. எண் மாறியதே தவிர சரக்கு ஏறக்குறைய பழசுதான். 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒழுங்காக வாழ்கிறவன் அக்கிரமமாகத் தாக்கப்படும்போது கோழையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றே எழுதிவிட்டது.

இதற்கும் நம்ம மலைக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. இந்தச் சட்டத்தின் முதல் வரைவைப் போட்டவர் மெக்காலே. 1834-ல் கப்பலில் சென்னை வந்து இறங்கியவர், கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடம்பு சரியில்லாமல் ஊட்டியில் தங்கியிருந்ததால், அவரைப் பார்க்கப் பல்லக்கில் இங்கே வந்து, மழையில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார். 1837-ல் அவருடைய குழு வரைவைக் கொடுத்தபோது, இந்த நாட்டு ஜனங்கள் கொள்ளைக்காரனுக்கு ரொம்பவே அடங்கிப்போகிறார்கள், அதனால் தற்காப்புக்குக் கட்டுப்பாடு போடுவதைவிட எதிர்த்து நிற்கும் துணிச்சலை வளர்க்கவே விரும்புகிறோம் என்ற பொருளில் குறிப்பு எழுதி வைத்தார்கள். நம்மைப் பற்றி அவர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு ஒப்பாது, ஆனால் இந்தப் பிரிவுகளை நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் ஃப்ளோரிடா சட்டத்தில் மட்டும் என்ன கோளாறு என்பீர்கள். அங்கே 2005 வரைக்கும், வீட்டுக்கு வெளியே என்றால், பத்திரமாக விலக முடிந்தால் விலகிவிட்டுத்தான் உயிரை எடுக்கலாம் என்று இருந்தது. 2005-ல் அதை எடுத்தார்கள், கூடவே ஒரு விலக்கும் கொடுத்தார்கள். தற்காப்புக்காகச் செய்தேன் என்பவன் மேல் அது சட்டவிரோதம் என்று கருத ஆதாரம் இல்லாமல் கைது கூடாது, செத்தவன் குடும்பம் நஷ்டஈடு கேட்டும் வர முடியாது. 2017-ல் இன்னும் ஒரு படி போய், இது தற்காப்பு இல்லை என்று விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் தலைகீழ்: தற்காப்பு என்று சொல்கிறவன்தான் கோர்ட்டில் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டணும் என்பதில்லை, அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

இது என்ன செய்யும் என்பதற்கு 2018 ஜூலையில் அங்கே கிளியர்வாட்டர் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடத்தில் காரை நிறுத்தியதற்காக ஒருவர் சண்டை பிடிக்கிறார், காரில் இருந்த பெண்ணின் துணைவர் கடைக்குள்ளிருந்து வந்து அவரைப் பிடித்துத் தள்ளுகிறார், விழுந்தவர் துப்பாக்கியை எடுக்கிறார். தள்ளியவர் பின்னால் நகர்வது கேமராவில் தெரிகிறது, தெரிந்தும் குண்டு பாய்கிறது. இந்தச் சட்டத்தைக் காட்டி முதலில் கைதுகூடச் செய்யவில்லை, சில வாரம் கழித்துத்தான் வழக்கு வந்தது. அடுத்த வருஷம் 20 ஆண்டு தண்டனை. கடைசியில் நியாயம் கிடைத்ததே என்று சிலர் சொல்வார்கள். கேமரா இல்லாத இடமாக இருந்தால்?

இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 2012-ல் அங்கே சான்ஃபோர்டில் சுடப்பட்டுச் செத்த 17 வயதுப் பையன் டிரேவான் மார்ட்டினுடையது. அதில் சுட்டவர் தரப்பு, வழக்கே கூடாது என்ற அந்த விலக்கைத் தனியாகக் கேட்கவே இல்லை, ஆனால் விலக வேண்டிய கடமை இல்லை என்ற வரி ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தில் இருந்தது. மகன் இதை வைத்து வாதாடினால் இந்த வித்தியாசத்தோடு சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருமகள் மடக்கிவிடுவாள்.

என்னைக் கேட்டால் மகன் சொல்வதுதான் சரி, அங்கே அதை எடுத்துவிட வேண்டும். 2017-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 2005-க்குப் பிறகு ஃப்ளோரிடாவில் கொலை சுமார் 24 சதவீதமும், துப்பாக்கிக் கொலை சுமார் 32 சதவீதமும் கூடியதாகக் கணக்குக் காட்டுகிறது. இங்கே ஒதுங்காமல் நிற்கிறவன் கையில் தடி இருக்கும், அங்கே இடுப்பில் துப்பாக்கி. மருமகளின் பயத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: நியூயார்க்கில் விலக வேண்டும் என்றுதான் சட்டம், ஆனால் முழுப் பாதுகாப்பாக விலக முடிந்தால் மட்டும், அதுவும் சொந்த வீட்டுக்குள் என்றால் அதுகூட வேண்டாம். துப்பாக்கிக்கு முதுகைக் காட்டி ஓடு என்று யாரும் சொல்லவில்லை. நம்ம சட்டத்தை நான் தொட மாட்டேன், அதில் பிரிவு 37 இருக்கிறது: போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமை கிடையாது, தேவைக்கு மேல் ஒரு அடிகூடப் போடக்கூடாது.

கேள்வி: மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வைத்திருந்த பூண்டு, கொட்டகைப் பூட்டை உடைத்துப் போய்விட்டது. இரண்டாவது தடவை. ராத்திரி கரண்ட் கம்பி போட்டுவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: வேண்டாம். பூட்டை உடைத்து ராத்திரியில் நுழைகிறவனை எதிர்க்கப் பிரிவு 41 உங்களுக்குப் பெரிய உரிமையே கொடுக்கிறது, தேவை அந்த அளவுக்கு இருந்தால் உயிர் வரைக்கும். திறந்த வயலில் கேரட் பிடுங்குகிறவனுக்கு அது கிடையாது. ஆனால் அந்த உரிமை எதிரே நிற்கிற மனுஷனுக்கு உள்ளது, கம்பிக்கு இல்லை. திருடனா, தண்ணி திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா, யானையா என்று கம்பிக்குத் தெரியாது. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்கு வெளியாள் வரக்கூடாது என்று வெறும் கம்பியில் கரண்ட் விட்டு, பக்கத்து வீட்டுப் பெண் செத்துப்போனார். தற்காப்பு என்ற வாதத்தை 1963-லேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. யானை செத்தால் வனத்துறை வழக்கு தனி.

நான் நடத்தித் தோற்ற வழக்கு ஒன்றையும் சொல்கிறேன். உருளைக்கிழங்கு மூட்டையோடு பிடிபட்டவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். என் கட்சிக்காரர் தேயிலைச் செடிக்குள்ளே இருநூறு அடி துரத்திப்போய் கவாத்துக் கத்தியால் வெட்டினார். டாக்டர் சான்றிதழில் காயம் வலது தோள்பட்டைக்குப் பின்புறம், மேலிருந்து கீழாக. அந்த ஒரு வரியை நீதிபதி இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மூட்டையோடு ஓடினால் துரத்திப் பிடுங்கலாம், மூட்டை கீழே விழுந்ததுமே உங்கள் உரிமை முடிந்தது. எனக்கு அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. நல்ல பூட்டு, ஒரு நாய், இரண்டு கேமரா, இவ்வளவு போதும்.

கேள்வி: நான் குன்னூர் பக்கம் இலை பறிக்கப் போகிறவள். காட்டு வழியில் ஒருத்தன் கையைப் பிடித்தால் அடிக்கலாமா? ஓடியிருக்கலாமே என்று ஸ்டேஷனில் கேட்பார்களா?

பதில்: கேட்டாலும் கேட்பார்கள் அம்மா, ஆனால் சட்டம் கேட்காது. பலாத்கார நோக்கம், கடத்தல், ஆசிட் வீச்சு என்று நியாயமாகப் பயந்தாலே பிரிவு 38 போதும், அவன் செய்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். டவரே எடுக்காத சரிவில் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்ற பேச்சும் எடுபடாது. விழுந்து கிடக்கிறவனை மறுபடி அடிக்காதீர்கள், அன்றைக்கே போய் எழுதிக் கொடுங்கள், கிழிந்த துணியைத் துவைக்காதீர்கள்.

கேள்வி: கரடி வந்தால்? (கோத்தகிரி)

பதில்: உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு அடித்து அது காயம்பட்டாலோ செத்தாலோ குற்றமில்லை என்று 1972 வன உயிரினச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இங்கே தாராளமாகப் பின்வாங்குங்கள், யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் டின்னை ராத்திரி திண்ணையில் வைக்காதீர்கள்.