கண்ணில் வளரும் சதைக்கு வைரஸ் காரணமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கட்டுமானப் பணியிடங்களில் மேற்பார்வை வேலை. வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து கருவிழி ஓரத்தில் ஏறியிருக்கிறது. டெரிஜியம் என்றும், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். இது ஹெச்பிவி என்ற வைரஸால் வருவதாகவும், அதே வைரஸ்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதாகவும் படித்தேன். அதிலிருந்து தூக்கமே இல்லை. என் குழந்தைக்கும் தொற்றிவிடுமா? எடுத்தாலும் வைரஸ் உள்ளே இருந்து மறுபடி வளருமா? தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: குழந்தையிலிருந்தே தொடங்குகிறேன். டெரிஜியம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. குழந்தையைத் தூக்குங்கள், கொஞ்சுங்கள், பக்கத்தில் படுக்கவையுங்கள். ஒரு தடையும் இல்லை.

நீங்கள் படித்தது முழுக்கக் கட்டுக்கதையும் அல்ல. ஆபரேஷனில் எடுத்த டெரிஜியம் திசுக்களில் ஹெச்பிவியின் டிஎன்ஏ இருந்ததாகப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சில ஆய்வுகளில் ஒரு திசுவில்கூட வைரஸ் கிடைக்கவில்லை. வேறு சிலவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிடைத்தது. பிசிஆர் சோதனை மிகச் சொற்பமான டிஎன்ஏவையும் பெருக்கிக் காட்டிவிடும் என்பதால், ஆய்வகத்தில் கலந்த துளிகூட 'இருக்கிறது' என்ற முடிவைத் தந்துவிடலாம். எந்தக் கோளாறும் இல்லாத கண்ணின் வெண்படலத்திலும் சில நேரம் இந்த வைரஸ் கிடைத்திருக்கிறது. ஒரு திசுவில் வைரஸ் இருக்கிறது என்பதும், அந்தத் திசுவை வளரவைத்ததே அந்த வைரஸ்தான் என்பதும் வேறு வேறு விஷயங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் உலகில் எங்கே சோதித்தாலும் கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளிலும் ஹெச்பிவி இருக்கிறது. அதைக் கண்டறிந்த ஹரால்ட் ஸூர் ஹௌஸனுக்கு 2008-இல் நோபல் பரிசும் கிடைத்தது. டெரிஜியம் விஷயத்தில் அந்த அளவுக்கு உறுதியான சான்று கிடையாது.

அப்படியானால் சந்தேகம் ஏன் வந்தது? நம் செல்களில் பி53 என்றொரு புரதம் இருக்கிறது. டிஎன்ஏ சேதமான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவது அதன் வேலை. ஹெச்பிவியின் சில வகைகள் இந்தப் புரதத்தை அழிக்கின்றன. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் அதே பி53 மரபணுவைக் கெடுக்கக்கூடியது. டெரிஜியம் திசுவில் பி53 இயல்பான நிலையில் இல்லாததைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, வெயில் முதல் அடி கொடுக்க, வைரஸ் இரண்டாவது அடி கொடுக்கிறதோ என்று தோன்றியது. நியாயமான ஊகம்தான். சிலரிடம் வைரஸுக்குத் துணைப் பங்கு இருக்கவும் கூடும். ஆனால் முதல் குற்றவாளி வெயில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹெச்பிவி உலகெங்கும் இருக்கிறது. டெரிஜியமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 37 பாகைக்குள் அதிகமாகவும், அதைத் தாண்டினால் குறைவாகவும் காணப்படுகிறது. வெளியில் வேலை செய்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. மூக்குப் பக்கம் வளர்வதற்கும் காரணம் இருக்கிறது. காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழி ஒரு லென்ஸ் போல வளைத்து, எதிர்ப்புறம், அதாவது மூக்கோர விளிம்பில் குவிக்கிறது. அந்த இடத்தில் ஒளியின் செறிவு ஏறக்குறைய 20 மடங்கு வரை கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருவிழியைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அவை சேதமானால் வெண்படலத்துச் சதை கருவிழிமேல் ஏற வழி கிடைக்கிறது.

ஆகவே பக்கவாட்டில் திறந்திருக்கும் கூலிங் கிளாஸ் உங்களுக்குப் போதாது. கண்ணை ஓரம்வரை சுற்றி மூடும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், அகலமான விளிம்புள்ள தொப்பியும் வேண்டும். ஹெல்மெட் கட்டாயமான இடத்தில் அதற்கென்றே வரும் விளிம்பு மறைப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கண்ணில் வைரஸால் எதுவுமே வளராதா? வளரும். அவற்றை டெரிஜியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்று பாப்பிலோமா. பெரும்பாலும் ஹெச்பிவி 6, 11 வகைகளால் வருவது. உள் இமையிலோ கண்ணின் உள்மூலையிலோ இளஞ்சிவப்பாக, ராஸ்பெரி பழம் போலப் புடைத்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி, அதாவது ரத்தக் குழாயின் நுனி தெரியும். குழந்தைகளுக்கு வந்தால் பல இடங்களில் வருவதும் திரும்ப வருவதும் உண்டு. சில தானாகவே மறைந்துவிடும். அரைகுறையாக வெட்டினால் வைரஸ் பக்கத்துத் திசுவில் விதைபோல விழுந்துவிடுகிறது. அதனால்தான் கட்டியைக் கருவியால் தொடாமலே சுற்றி வெட்டியெடுத்து, விளிம்பை உறையவைக்கும் முறையைப் பின்பற்றுகிறோம்.

இன்னொன்று மொலஸ்கம். இமை ஓரத்தில், நடுவில் சிறு குழியுடன் முத்துப் போன்ற பரு. இதை உண்டாக்குவது பெரியம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. பரு மிகச் சிறியது என்பதால் இமைமுடிக்குள் மறைந்திருக்கும். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்க, மாதக்கணக்கில் சொட்டு மருந்து விடுவார்கள். பருவை எடுத்தபின்தான் சிவப்பு அடங்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது. கருவிழி விளிம்பில் வரும் செதிள் செல் புற்றும் அதன் முன்நிலைகளும். இங்கும் வெயில்தான் பெரிய காரணம். ஆனால் ஹெச்ஐவி தொற்று இருந்தால் இதன் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அதனால்தான் இளம் வயதில் இந்தப் புற்று வந்தால் ஹெச்ஐவி பரிசோதனை கேட்போம். ஹெச்பிவியின் பங்கு பற்றி இங்கும் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. ஆரம்பத்தில் இது டெரிஜியம் போலவே தோற்றமளிக்கலாம். ஜெல்லி போன்ற புடைப்பு, மேலே வெள்ளைத் திட்டு, தடித்த ரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடிவருவது, சில வாரங்களிலேயே உருமாறுவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். டெரிஜியம் என்று எடுத்த சதையில் எப்போதாவது இது ஒளிந்திருப்பதும் உண்டு. எனவே ஆபரேஷனில் எடுக்கும் திசுவைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்ப வளருமா என்பது வைரஸைவிட ஆபரேஷன் முறையைப் பொறுத்தது. சதையை மட்டும் எடுத்து இடத்தை வெறுமனே விட்டால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். உங்கள் கண்ணிலிருந்தே மேலிமைக்கு அடியிலுள்ள வெண்படலத் துண்டை எடுத்து அங்கே ஒட்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இளம் வயதினருக்குத் திரும்ப வருவது கொஞ்சம் அதிகம். வந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். அதனால் அந்த ஆண்டு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு அவசரமும் இல்லை. கண்மணியை நெருங்கினாலோ, பார்வை கோணலானாலோ, வளர்வது தெரிந்தாலோ செய்யலாம். அதுவரை உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போதும். சிவப்பு குறைகிறதே என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கித் தொடர்ந்து விடாதீர்கள். கண் அழுத்தம் ஏறி, வலி தெரியாமலே பார்வை நரம்பு பாழாகலாம்.

கடைசியாகத் தடுப்பூசி. ஹெச்பிவி தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும் டெரிஜியத்தைக் கரைக்காது, திரும்ப வருவதைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை. இதற்காக நீங்கள் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் குழந்தை பெண் என்றால் 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிடுங்கள். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க. உங்கள் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.