பெர்மிட்டில் யாருடைய பெயர்?

கேள்வி: ஐயா, இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு அரசாங்கம் பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) தந்த ஐந்து ஏக்கர் வயல். ரோட்டோரம் அப்பா கலியாணத்துக்குப் பிறகு வாங்கின உறுதிக் காணியில் சின்ன நெல்லு மில் ஒன்றும் இருக்கிறது. அப்பாவுக்கு 74 வயது. அண்ணா கனடாவில், தங்கச்சி வவுனியாவில். பதினொரு வருசமாக இரண்டையும் பார்ப்பது நான். காணி எழுத்து என்று வாய் திறந்தால் அப்பா எழும்பிப் போய்விடுகிறார். மில்லுக்குக் கடன் கேட்டால் வங்கியில் “காணி யார் பேரில்?” என்கிறார்கள். என்ன செய்ய?
— முரசுமோட்டை வாசகர்

பதில்: தம்பி, முதலில் பெர்மிட்டை வாங்கிப் பாரும். பின்னுரித்தாளர், அதாவது அப்பாவுக்குப் பிறகு காணி சேர வேண்டிய ஆள், என்ற இடத்தில் யாருடைய பெயர்?

காணிக் கந்தோரில் காலம் தள்ளின நான், எங்கள் வீட்டுப் பெர்மிட்டை விரித்துப் பார்த்தது அப்பாவின் எட்டுச்செலவு முடிந்த பிறகுதான். 2009 இல் இறுதி யுத்தத்தில் மாத்தளன் வரைக்கும் போய்வந்த ஷொப்பிங் பை. உள்ளே பழைய சாரத் துண்டு. அதற்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பேப்பர். பின்னுரித்தாளர், பெரியண்ணை. அவர் காணாமல் போனவர். பெயரை மாற்றினால் பிள்ளை இல்லையென்று தன் கையாலே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும் என்று மனுசன் நினைத்திருக்கிறார். நாங்களோ அப்பாவுக்குப் பஞ்சி என்று நினைத்தோம். பிறகு நானும் தம்பியும் பிடித்த சண்டையில் ஒரு காலபோகம் வயல் விதைக்காமலே கிடந்தது.

பெயரை மாற்ற மரணச் சான்றிதழ் ஒன்றும் தேவையில்லை. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்வரை பழைய நியமனத்தை இரத்துச் செய்து வேறு ஆளைப் போடலாம். அதைப் பதிந்தும் விட வேணும். இதை யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட.

ஒருவரையும் போடாமல் விட்டால்? முதலில் அம்மாவுக்குச் சீவிய காலத்துக்கு உரித்து. ஆறு மாதத்துக்குள் அவ பொறுப்பெடுக்க வேணும். அதற்குப் பிறகு சட்டத்தின் அட்டவணையிலுள்ள உறவு வரிசைப்படி. முன்பு ஆண்பிள்ளைக்கு முதலிடம். 2022 திருத்தம் அந்தப் பேதத்தை எடுத்துவிட்டது, ஆனால் மூத்தவருக்குத்தான் முன்னுரிமை. அதாவது, சேறு மிதித்த நீரல்ல, கனடா அண்ணா. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிப்போம் என்றாலும் பெர்மிட்டில் சொன்ன அளவுக்குக் கீழே துண்டு போட ஏலாது.

மில் காணி வேறு சங்கதி. அது, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில், தேடிய தேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து. அம்மாவின் உரித்தையும் பார்க்க வேணும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உமக்கு நன்கொடை உறுதி எழுதலாம். கண் மூடும்வரை மில் வருமானம் அவர்களுக்கே என்று நொத்தாரிசு அப்பாவுக்கு விளங்கப்படுத்தட்டும். நீர் சொன்னால் எடுபடாது.

தங்கச்சியிடம் முன்னமே போய்க் கதையும். “உனக்குத்தான் சீதனம் தந்தாச்சே” என்று மட்டும் தொடங்காதையும். அண்ணாவுக்குப் போன் காணும்.

வங்கிக் கதையை அப்பாவிடம் எடுக்க வேண்டாம், கடனுக்காகத்தான் அவசரப்படுகிறான் என்று நினைப்பார். பெர்மிட்டை எடுத்துக் கொண்டு பிரதேச செயலகத்துக்கு அவரோடு ஒருக்கால் போய் வாரும், காலபோக விதைப்புக்கு முன்னம். விதைப்புத் தொடங்கினால் மனுசனை வரம்பை விட்டு இறக்கேலாது.