அருவி வெட்டும் வெட்டு மெசினும்

அன்புள்ள அண்ணைக்கு,

அறுவடைக் கூலி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் தர்மபுரம் பக்கம். அம்மா அருவி வெட்டி, அதாவது கூலிக்கு நெற்கதிர் அறுத்துத்தான், என்னைப் படிப்பித்தவர். இப்போது நான் வெட்டு மெசின் ஓட்டுகிறேன். பத்துப் பேர் நாள் முழுக்க வெட்டுகிற வயலை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுவோம். அம்மாவோடு வெட்டப் போன பெண்கள் என்னைக் கண்டால், "எங்கட வயித்தில அடிச்சுப்போட்டாய் தம்பி" என்கிறார்கள். பொருளியல் படித்த நண்பனோ, மெசின் வந்தால் போகப்போக எல்லாருக்கும் கூலி கூடும் என்கிறான். நாட்கூலி கூடித்தானே இருக்கிறது? நான் செய்வது பிழையா?

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

நீங்கள் செய்வது பிழையில்லை. அந்தப் பெண்கள் சொல்வதும் உண்மைதான். உங்கள் நண்பர் ஒரு நாளின் கூலியைப் பார்க்கிறார். அந்தப் பெண்களுக்கு வருசத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். முன்பு வெட்டுக் கூலியை நெல்லாகவும் கொடுத்தார்கள். மாரிக்காலப் பயிரான காலபோகத்தின் வெட்டு முடியும்போது காணியில்லாத வீட்டிலும் இரண்டொரு மூடை நெல் இருக்கும். அந்த நெல் போனது எந்தக் கூலிக் கணக்கிலும் தெரியாது.

1830இல் தென் இங்கிலாந்தின் கூலிக்காரர் ஊரூராகப் போய்ச் சூடடிக்கும் (கதிரடிக்கும்) மெசின்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கிருந்த பெரிய வேலையே கதிரடிப்புத்தான். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்நூறு பேரளவில் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாலு வருசம் கழித்து, 1834இல், அமெரிக்காவில் மக்கோர்மிக் தன் அறுவடை மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே நிலம் தாராளம், வெட்ட ஆளில்லை. காலப்போக்கில் கமக்காரர் அதை விரும்பி வாங்கினார்கள். இங்கிலாந்தின் கூலிக்காரருக்கோ நிலமில்லை. ஊர்ப் பொதுநிலத்தையும் வேலியடைத்து எடுத்திருந்தார்கள். 1815இல் நெப்போலியனுடனான போர் முடிந்து திரும்பியவர்களும் வேலைக்கு நின்றார்கள். மெசின் வரும்போது கையில் காணி இருக்கிறதா, போக வேறு வேலை இருக்கிறதா என்பதுதான் கூலியைத் தீர்மானிக்கிறது.

வன்னியில் இந்த இரண்டு நிலைமையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் உள்ளவருக்கு மெசின் பெரிய உதவி, மழைக்கு முன் வெட்டி ஏற்றிவிடலாம். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு வயற்காணி கிடைக்கவேயில்லை. 2009இல் போரில் கணவனை இழந்து, கூலியை மட்டும் நம்பிப் பிள்ளை வளர்த்த பெண்களும் இருக்கிறார்கள். மெசின் மிச்சம்பிடித்த கூலி இவர்கள் வாசலுக்கு வரவில்லை. கொஞ்சம் வயல்காரருக்கு, மிச்சம் மெசின்காரருக்கும் லீசிங் கட்டுப்பணத்துக்கும் போகிறது.

கைத்திறன் பற்றியும் சொல்லவேண்டும். அம்மாவிடம் சூடு வைப்பது, அதாவது வெட்டிய கதிரைப் போராக அடுக்குவது, எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கதிர் உள்ளுக்கும் தாள் வெளிக்குமாக வட்டமாய் அடுக்கி, மழைத்தண்ணீர் வழிந்தோட மேலே கூம்பாக முடிக்கவேண்டும். ஓர் உப்பட்டி (வெட்டிய கதிர்ப்பிடி) பிழைத்தாலும் தண்ணீர் இறங்கி நெல் முளைத்துவிடும். நல்ல கை வைத்த சூடு இருந்தால், விலை ஏறும்வரை சூடடிக்காமல் பொறுத்திருக்கலாம். மெசின் வெட்டும்போதே அடித்தும் விடும், அந்த நெல்லில் ஈரம் அதிகம். நெல் வாங்கும் அரச நிறுவனமான நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம் கேட்கும். காயவைக்கக் களமில்லாதவர் வீதியோரத்தில் பரப்புகிறார், அல்லது வயலிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். ஒரு திறன் போகும்போது சின்னக் கமக்காரரின் பேரம்பேசும் பலமும் சேர்ந்து போயிற்று. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மெசினை நிறுத்தச் சொல்லமாட்டேன். குனிந்து வெட்டி இடுப்பு விட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். கமக்கார அமைப்புகளே மெசின் வாங்கட்டும், அதன் வருமானத்தில் ஊருக்கொரு காயவிடும் களம் கட்டட்டும், அங்கே அந்தப் பெண்களுக்குச் சம்பளத்தோடு வேலை கொடுக்கட்டும். காணியில்லாதவர்களுக்குக் காணி கேட்டு நாங்கள் எல்லாரும் குரல் கொடுக்கவேண்டும்.

உங்களுக்கு ஒன்று: ஓட்டுவதோடு நிற்காமல் திருத்தவும் பழகுங்கள். ஸ்டியரிங் பிடிக்க நாளைக்கு இன்னொருவர் குறைந்த சம்பளத்துக்கு வருவார். வெட்டு நாளில் வயல் நடுவே பெல்ட் அறுந்தால் அதை மாற்றத் தெரிந்தவரைத்தான் எல்லாரும் தேடுவார்கள்.

அம்மாவின் கூட்டாளிகளுக்கு விதைநெல் வயல்களில் இன்னும் வேலை இருக்கிறது. ஆட்டக்காரி என்ற நெல்லினத்துக்குள் நிற்கும் வேற்றுக் கதிரைக் கண்டு பிடுங்க வெட்டு மெசினால் முடியாது. பரந்தனில் விதைநெல் செய்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கூலியை முன்கூட்டியே பேசி அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
அண்ணை