நோட்டீஸ் வந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் நிற்கிறார். பாக்கி 52 லட்சம். பேங்க் நோட்டீஸ் வந்துவிட்டது. “பேங்க்கில் பேசி 44 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன், 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுங்கள்” என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?

பதில்: வீட்டை வாங்கலாம். அந்த 5 லட்சத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் நோட்டீஸை வாங்கிப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து ஏலம் விட பேங்க்குக்கு அதிகாரம் தரும் சட்டம்), பிரிவு 13(2) என்று இருந்தால், பாக்கியைக் கட்ட 60 நாள் கெடு. அது கைக்கு வந்தபின், பேங்க் எழுதிக் கொடுக்காமல் கடன் வாங்கியவர் வீட்டை விற்கக் கூடாது. மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போட்டுத் தரும் அக்ரிமென்ட் பேங்க்கைக் கட்டுப்படுத்தாது.

பாக்கியில் தள்ளுபடி செய்து கணக்கை முடிப்பதை ஓடிஎஸ் என்பார்கள். அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு புரோக்கருக்கு மட்டும் 44 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? “மேனேஜர் நம்ம ஆளு” என்பார். தள்ளுபடி முடிவு பெரும்பாலும் கிளை மேனேஜர் கையிலேயே இருக்காது. கிளையில் கேட்டால் மண்டல அலுவலகம் என்பார்கள், அங்கே போனால் கிளையைக் கேள் என்பார்கள். வக்கீல் என்ற முறையில் என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் இப்படியே நான்கு மாதம் நடந்தார். அதற்குள் அதே வீட்டுக்கு இன்னும் இரண்டு பேரிடம் புரோக்கர் அட்வான்ஸ் வாங்கியிருந்தார், எல்லாம் ரொக்கம். சொத்துக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

தொகையும் கடைசித் தேதியும் போட்ட ஓடிஎஸ் கடிதமும், உங்களுக்கு விற்கச் சம்மதம் தரும் கடிதமும் பேங்க் லெட்டர்பேடில் வரட்டும். பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஏல அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகிவிட்டதா என்று பாருங்கள். ஏலம் நடக்கும் தேதியைச் சொல்லவில்லை, அறிவிப்பு வெளியான தேதியைச் சொல்கிறேன். ஏலத்துக்கு இன்னும் 20 நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். சர்ஃபேசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முழுப் பாக்கிக்கே அந்தக் கதி என்றால், உங்கள் 44 லட்சத்துக்கு என்ன மரியாதை? அப்படி வெளியாகியிருந்தால் பேசாமல் ஏலத்திலேயே கேளுங்கள். ஆனால் கையில் பணம் வேண்டும்: எடுத்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம், மீதி பொதுவாக 15 நாளில். தவறினால் கட்டியதும் போகும்.

கணக்கு முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தவறு பேங்க்குடையது என்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது கடன் வாங்கியவருக்குச் சேர வேண்டியது, ஆனாலும் கேட்கச் சொல்லுங்கள், அசைவார்கள். எம்ஓடியை (மூலப் பத்திரங்களை பேங்க்கில் வைத்துக் கடன் வாங்கியதற்கான அடமானப் பதிவை) நீக்கும் ரசீதுப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றிதழில் ஏறியதைப் பார்த்துவிட்டு புரோக்கருக்குக் கமிஷன் கொடுங்கள்.