லேபிளில் வசனம் அச்சிடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வாங்கி, பொட்டலமிட்டு, இணையம் வழியாகச் சென்னைக்கும் கோவைக்கும் விற்று வருகிறோம். எங்களுக்கு விளம்பரம் வடிவமைத்துத் தரும் நண்பர், லேபிளில் ஒரு வேத வசனத்துடன், "நூறு சதவீதம் தூய்மையானது", "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்", "லாபத்தில் தசமபாகம் ஊழியத்துக்கு" என்ற வாசகங்களையும் சேர்க்கச் சொல்கிறார். விசுவாசத்தை மறைக்கவும் எங்களுக்கு மனமில்லை. அதைக் காட்டிக் காசாக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, எளிதாகத் தள்ள வேண்டியவற்றை முதலில் தள்ளிவிடுவோம். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரையில் இருப்பதேதான்; ஆகவே சர்க்கரை நோயாளிகள் பற்றிய வரி பொய், அதுவும் பிறர் உடம்பைக் கெடுக்கக்கூடிய பொய். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. "நூறு சதவீதம்" என்ற சொல்லை உணவு லேபிள்களில் தவிர்க்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, தாராளமாகக் கொடுங்கள்; வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்கிற மத்தேயு ஆறாம் அதிகாரத்துக்கு மாறாக அதைப் பொட்டலத்தில் எழுத வேண்டாம்.

வசனம் மட்டும் சற்றுக் கடினமான கேள்வி. அதை அச்சிடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், வசனத்தைப் பார்த்து வாங்குகிறவர் கருப்பட்டியை உடைத்துப் பார்க்காமல், நாலு கடையில் விசாரிக்காமல் வாங்குகிறார். அந்த நம்பிக்கையை உங்கள் சரக்கு சம்பாதிக்கவில்லை. வேதம் சம்பாதித்ததை நீங்கள் கடனாக வாங்குகிறீர்கள். ஆகவே, விற்கும் இடத்தில் விசுவாசம் எப்படித் தெரிகிறது என்பதைவிட, யாரும் பார்க்காத கொள்முதலில் அது இருக்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

இங்கிலாந்தின் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையாரின் அனுபவம் இங்கே பயன்படும். மனத்தில் ஒரு விலையும் வாயில் ஒரு விலையும் வைத்துப் பேரம் பேசுவது பொய் என்று கருதி, பதினேழாம் நூற்றாண்டிலேயே எல்லாருக்கும் ஒரே விலை என்று விற்றவர்கள் அவர்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தை அவர்கள் கல்லாப்பெட்டி வரை கொண்டுபோனார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த ஜான் கேட்பரி 1824-இல் பர்மிங்காமில் கடை திறந்தார். உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசியும் கலந்த கோகோதான் அன்று வழக்கம்; கேட்பரியாரும் அப்படியே விற்றார்கள். அவருடைய மகன்கள் 1866-இல் கலப்பில்லாத கோகோவைக் கொண்டுவந்து, அதன் தூய்மையையே விளம்பரமாக்கிய பிறகுதான் நொடித்துக்கொண்டிருந்த தொழில் நிமிர்ந்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதியாக இருந்திருக்கும். போர்ச்சுகலின் ஆட்சியிலிருந்த, ஆப்பிரிக்கக் கரையோரச் சாவோ டோமே தீவில், தங்களுக்குக் கோகோ வரும் தோட்டங்களிலேயே, தொழிலாளர்கள் அடிமைகளாக நடத்தப்படுகிறார்கள் என்ற செய்தி 1901-இல் அவர்களை எட்டியது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசுகளிடம் முறையிட்டார்கள். ஆனாலும் 1909 வரை அங்கிருந்து வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். இது இரட்டை வேடம் என்று லண்டன் நாளிதழ் ஒன்று எழுத, அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார்கள். ஆனால், கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அந்தத் தொகையிலேயே நடுவர் குழுவின் மனம் தெரிகிறது. தூய்மையான கோகோவின் கொள்முதல் தூய்மையாக இல்லை.

உங்கள் தொழிலிலும் இதே இரண்டு இடங்கள்தான் ஆபத்தானவை. ஒன்று, கலப்படம்: பதனீர்க் காலம் முடிந்த பிறகும் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிற கருப்பட்டியில் சர்க்கரை கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். காய்ச்சும் காலத்தில் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் செலவை வீண்செலவாகக் கருதாதீர்கள். மற்றொன்று, பனையேறிகளின் கூலி. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டியே சரக்கின் விலையைக் குறைத்துக்கொள்வது பனைத் தொழிலில் பழைய வழக்கம். நீங்கள் நேரடியாக அதைச் செய்யாமல் இருக்கலாம்; உங்களுக்குக் கொடுக்கும் வியாபாரி செய்கிறாரா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால், விளம்பரத்துக்குத் தேவையான செய்தியும் கிடைத்துவிடும். எந்த ஊரில், எந்த மாதத்தில் காய்ச்சியது, மரமேறும் ஆட்கள் குறைந்துவிட்டதால் விலை ஏன் கூடுதல், மழைக்காலத்தில் கருப்பட்டி ஏன் இளகும் என்பதையெல்லாம் எழுதுங்கள். "இன்று மட்டும் சலுகை" என்று நாள்தோறும் போடாதீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை அறிவிப்பதில் தவறில்லை. போதகர் வாயால் பரிந்துரைக்கச் செய்வது மட்டும் கூடாது, மறுக்க முடியாத நிலைக்கு அது மக்களைத் தள்ளுகிறது. இவ்வளவும் ஓராண்டு நடந்த பிறகும் வசனம் போட விரும்பினால், போடுங்கள்.

கேள்வி: என் தையலகத்தில் பெண்கள் வேலை செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஞாயிறும் திறந்தால்தான் ஆர்டர்களை முடிக்க முடியும் போலிருக்கிறது. மூடிவிட்டு, "ஞாயிறு ஓய்வு" என்று அதையே விளம்பரமாக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ட்ரூயட் கேத்தி 1946-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கிய உணவகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது, அதிலிருந்து வளர்ந்த சிக்-ஃபில்-ஏ கடைகள் இன்றும் அப்படியே மூடுகின்றன. ஆகவே வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வு என்பது வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. சனிக்கிழமை நள்ளிரவு வரை பெண்களைத் தைக்கவைத்துவிட்டு, மறுநாள் ஓய்வு என்று பலகை வைத்தால் அது உங்களுக்கு மட்டுமான ஓய்வு. டிசம்பரில் ஆர்டர் வாங்கும் கடைசித் தேதியை நவம்பரிலேயே அறிவித்து, அதற்குப் பின் வருகிறவர்களிடம் "இயலாது" என்று சொல்லிவிடுங்கள். விளம்பரம் செய்ய வேண்டியது அந்தத் தேதியைத்தான்.